ஐந்தடி ஆறு அங்குலத்துக்கு மேல்

1953ஆம் ஆண்டு கார்த்திகை ஒன்பதாம் தேதி காலையில் தும்பையேந்தல் கண்மாயில் தண்ணீர் ஐந்தடி ஆறு அங்குலத்தைத் தாண்டியது. அதே நேரத்தில், கண்மாயிலிருந்து மூன்று மைல் தள்ளி ஆர்.எஸ்.மங்கலம் கடைத்தெருவில் புளி வாங்கிக்கொண்டு நின்ற லஸ்கர் சிலுவைமுத்துவின் வாய் தண்ணீருக்குள் போனது. கால் வீசையா அரை வீசையா என்று கடைக்காரர் சதக் கேட்டார். பதிலுக்கு அவன் வாயிலிருந்து ஐந்தாறு குமிழிகள் கிளம்பி மூக்குக்கு நேரே வந்து உடைந்தன. சதக் எதற்கும் இருக்கட்டும் என்று அரை வீசையே கட்டிக் கொடுத்தார். அன்று நல்ல வெயில். தெருவில் ஒரு பொட்டு ஈரம் கிடையாது.

இது திடீரென்று நடந்ததல்ல. ஐப்பசி முதல் வாரத்தில் கண்மாய்க்குப் புதுத் தண்ணீர் வந்த நாளிலிருந்தே அது சிலுவைமுத்துவின் மேலும் ஏறிக்கொண்டிருந்தது. கண்மாயில் அரையடி நின்றால் அவன் கணுக்காலுக்கு மேல் வரை நனைந்திருப்பான். இரண்டடி நின்றால் முழங்கால் முழுகி, வேட்டி தொடையோடு ஒட்டியிருக்கும். பஸ் நிலையத்து வெட்டவெளியில் ஆற்றைக் கடப்பவன்போல் காலைத் தள்ளித் தள்ளி நடப்பான். நனைந்த இடத்துக்கும் நனையாத இடத்துக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல் இருக்கும். ஆனால் அவனிடமிருந்து ஒரு சொட்டும் தரையில் விழாது, அவனைத் தொட்டவர் கை நனையாது. ஏணியில் ஏறிப் பார்த்தான். தண்ணீரும் கூடவே ஏறியது. உட்கார்ந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்து அதே உயரத்துக்கு நின்றது. ஆகவே மூன்றடிக்கு மேல் போன நாட்களில் அவன் நின்றுகொண்டுதான் பேசுவான், உட்கார்ந்தால் பேச்சில்லை. மூச்சுக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை. பீடிதான் பற்றவில்லை. முதல் மாதம் ஊரார் வேடிக்கை பார்த்தார்கள், இரண்டாவது மாதம் பார்க்கவில்லை. நெல் விதைத்தவனுக்கு வேறு வேலை இருக்கிறது.

சிலுவைமுத்து தங்கச்சிமடத்துக்காரன், சங்கு குளித்துக்கொண்டிருந்தவன். 1949இல் ஏழு பாகம் ஆழத்தில் வலது காது உடைந்து ரத்தம் வந்தது. அதோடு கடல் முடிந்தது. தும்பையேந்தல் கண்மாயின் நடுமடை ராஜாக்கள் காலத்துக் கட்டுமானம். தண்ணீருக்குள் முங்கிப்போய் அடியிலுள்ள கல்லை நகர்த்தினால்தான் திறக்கும், முங்கிப்போய்த்தான் அடைக்கவும் வேண்டும். அதற்கு முங்கத் தெரிந்த ஒருவன் வேண்டும் என்று மராமத்து இலாகா அவனை லஸ்கராக எடுத்துக்கொண்டது. மடையைத் தவிர அவனுக்கிருந்த வேலை ஒன்றே ஒன்று. தினமும் காலை ஆறு மணிக்குக் கண்மாயில் நட்டிருந்த அளவுகல்லைப் பார்த்து, அடியும் அங்குலமும் புத்தகத்தில் எழுத வேண்டும். எண்களும் அந்த இரண்டு வார்த்தைகளும் தவிர அவனுக்கு எழுத வராது. ஒரு அங்குலம் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. அந்த விஷயத்தில் அவன் பிடிவாதக்காரன்.

1950இலிருந்து மூன்று வருடம் எழுத ஒன்றுமில்லை. மழை பொய்த்து, கண்மாய்க்குள் ஆடு மேய்ந்தது. அளவுகல் வெயிலில் தனியாக நின்றது. அவனும் காலை ஆறு மணிக்கு அதன் முன்னால் போய் நின்று, சுழி அடி சுழி அங்குலம் என்று எழுதிவிட்டுத் திரும்புவான். அந்தப் பஞ்ச காலத்தில்தான் அவனுக்குக் கல்யாணம் ஆனது. பெண் ஜெபமாலை, அதே தங்கச்சிமடம், அலைச் சத்தமும் ஏலச் சத்தமும் சண்டைச் சத்தமுமாக வளர்ந்தவள். கரைமேல் இலாகா கட்டிக்கொடுத்த ஓட்டு வீட்டைச் சுற்றி இரண்டு மைலுக்கு வேறு வீடு கிடையாது. வந்த முதல் வாரம் அவள் அழுதாள். இரண்டாவது வாரம் அழுகை நின்றது, ஏனென்றால் சிலுவைமுத்து பேசினான். மனிதன் வாய் ஓயமாட்டான். சுறா மணப்பதை, தோணி கவிழ்ந்ததை, மாதா கோயில் திருவிழாவில் எவனோ வேட்டி அவிழ விழுந்ததை, எல்லாவற்றையும் பேசினான். கஞ்சிக்குக் கடித்துக்கொள்ள வெங்காயம்கூட இல்லாத அந்த வருடங்களில் அவள் அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் உயிரோடிருந்தாள். இதை அவளே பின்னால் சொல்லியிருக்கிறாள்.

ஆக, ஊருக்கு நல்ல காலம் வந்த அந்தக் கார்த்திகையில் அவர்களுடைய நல்ல காலம் முடிந்தது. சிலுவைமுத்து ஆறடி ஆள். அவன் உதடு சரியாக ஐந்தடி ஆறு அங்குலத்தில் இருந்தது. தண்ணீர் அதைத் தாண்டினால் அவன் சொல்வது அவளுக்குக் கேட்காது, அவள் சொல்வதும் அவனுக்கு எங்கோ கரையில் யாரோ கூப்பிடுவதுபோல்தான் கேட்கும். அவனுக்கு எழுத வராது, அவளுக்குப் படிக்க வராது. பசிக்கும் தூக்கத்துக்கும் கை ஜாடை போதும். மற்றதற்குப் போதவில்லை. கார்த்திகையிலிருந்து மாசி வரை ஒரே அறையில் இரண்டு பேரும் இருந்தார்கள். அவன் தலைமுடி மேல்நோக்கி மிதந்து மெல்ல ஆடிக்கொண்டிருக்கும். அவள் அதைப் பார்த்துக்கொண்டே உலை வைப்பாள்.

இலாகாவுக்கு இதெல்லாம் வசதியாகத்தான் போனது. மாதம் ஒரு நாள் அவன் ராமநாதபுரம் அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஓவர்சியர் நாற்காலியிலிருந்து எழுந்து, அவனைச் சுவரோடு நிறுத்தி, டேப் பிடித்து அளந்து புத்தகத்தைச் சரிபார்ப்பார். தலைக்கு மேல் போனால் கையைத் தூக்கச் சொல்வார். விரல் நுனி வரை ஏழடி எட்டு அங்குலம். அதற்கும் மேலென்றால் அவன் எழுதியதை நம்புவதைத் தவிர வழியில்லை. "ஏம்ப்பா சிலுவைமுத்து, இன்னும் ஒரு அடி வளர்ந்திருக்கக் கூடாதா?" என்பார். அவன் சிரித்தால் குமிழி வரும். ஊராருக்கும் பழகிவிட்டது. கண்மாயைப் பார்க்க மூன்று மைல் யார் நடப்பார்கள்? சதக் கடையில் லஸ்கரைப் பார்த்தால் போதும். கண்மாய் இடுப்புக்கு வந்துவிட்டது, மார்புக்கு வந்துவிட்டது என்றுதான் பேச்சு. லஸ்கர் பேச்சு நின்றுவிட்டது என்றால் அந்த வருடம் விளைச்சலுக்குப் பயமில்லை என்று பொருள். கண்மாய்க்கரைப் பாதையில் புல் முளைத்தது.

1955 மார்கழியில் பெய்த மழை ஊரில் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. கண்மாயில் பத்தடி நின்றது, கலுங்கில் உபரித் தண்ணீர் வழிந்தது, பாதை அறுந்தது. அந்த மழையில் ஜெபமாலைக்குக் குறை மாதத்தில் வலி எடுத்தது. சிலுவைமுத்து ஓடிப்போய்க் கூப்பிட்டு வந்தது கடைமடையில் வயல் வைத்திருந்த முனியசாமியின் மனைவி ராமலெட்சுமியை. கூப்பிட்டு வந்தது என்றால், அவள் வாசலில் நின்று கையை ஆட்டினான், அவள் புரிந்துகொண்டாள். இடுப்பளவு வெள்ளத்தில் முந்தானையை இறுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். பெண் குழந்தை. கால் மணி நேரம் உயிரோடிருந்தது. ஜெபமாலைக்கு அதற்குள் நினைவு தப்பிவிட்டது.

அவர்கள் வேதத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த பிள்ளை சாகப் போகிறது, சாமியார் பக்கத்தில் இல்லை என்றால், யார் வேண்டுமானாலும் பிள்ளையின் தலையில் மூன்று தரம் தண்ணீரை ஊற்றி, பெயரிட்டு, ஞானஸ்நான வார்த்தையைச் சொல்லலாம். சொல்லிவிட்டால் பிள்ளை ஆண்டவரைச் சேர்ந்துவிடும். சொல்லாவிட்டால் அதற்குப் பெயரில்லை, கல்லறைத் தோட்டத்தில் இடமுமில்லை. தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் வார்த்தை வேண்டும். ஜெபமாலை கண் விழித்தபோது பிள்ளை புருஷனின் வேட்டித் துணியில் சுற்றிக் கிடந்தது. அவள் அவனைப் பார்த்தாள். அவன் தலைக்கு மேல் நான்கடித் தண்ணீர். அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கரையடியில் ஒரு மருத மரத்துக்குக் கீழே அவனே குழி வெட்டிப் புதைத்துவிட்டு வந்தான்.

மாசி இருபதாம் தேதி அவன் உதடு வெளியே வந்தது. இரண்டரை மாதமாக வைத்திருந்ததை அவன் முதல் மூச்சிலேயே தொடங்கினான். "ஜெபமாலை, பிள்ளைக்கு..." என்றான். அவள் எழுந்து வந்து அவன் வாயைப் பொத்தினாள்.

"பிள்ளையப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசவேண்டிய அன்னைக்குப் பேசல. இனி எடுத்தீங்க, அன்னைக்கே பஸ் ஏறிருவேன்."

அவன் எடுக்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் பேசினான். சுறாவையும் தோணியையும் திரும்பப் பேசினான். ஆனால் பேச்சு நடுவே ஒரு பள்ளம் இருப்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். 1956 ஐப்பசியில் தண்ணீர் மறுபடி ஏறி அவன் இடுப்பைத் தொட்டபோது அவள் சொன்னாள்: "இந்த வருசமும் உங்க வாய் முங்குச்சுன்னா நான் இங்கன இருக்க மாட்டேன். ஊமை வீட்டுல என்னால இருக்க ஏலாது." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். அவன் பயந்துபோனான்.

தண்ணீர் அவன் தாடையைத் தொட்ட அன்று விடியற்காலையில் சிலுவைமுத்து கண்மாய்க்குள் முங்கி நடுமடைக் கல்லை நகர்த்தினான். அதன் பிறகு தினமும் விடிகாலையில் முங்கி, வரத்துக்குத் தகுந்தபடி கல்லை நகர்த்தி வைத்தான்; வரத்து எவ்வளவோ அவ்வளவும் வெளியே போனது. மழைக்காலத்தில் வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் ஏன் ஓடுகிறது என்று யாரும் கேட்பதில்லை. அது வயல்களுக்குத் தேவைப்படாமல் தாண்டிப்போய்த் திருப்பாலைக்குடிப் பக்கம் கடலில் விழுந்தது. அன்று காலை புத்தகத்தில் ஐந்தடி நான்கு அங்குலம் என்று எழுதினான். அது உண்மைதான். மறுநாளும் அதுவே. அப்படி முப்பத்தெட்டு நாள் அதே ஐந்தடி நான்கு அங்குலம். அந்த முப்பத்தெட்டு நாளும் அவன் தாடை வரை நனைந்துகொண்டு, நின்றபடியே, தொண்டை கட்டப் பேசினான். அவள் உட்கார்ந்து கேட்டாள். ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. சதக் கடையில் லஸ்கர் பேசுகிறான், அப்படியானால் கண்மாய் இன்னும் தாடையைத் தாண்டவில்லை, மழை நம் பக்கம் பெய்த அளவுக்கு மேற்கே பெய்திருக்காது என்று அவர்களே காரணமும் கண்டுபிடித்துக்கொண்டார்கள். கரையேறிப்போய் ஒருவர் எட்டிப் பார்த்திருந்தால் மடை வாயில் நுரை தள்ளுவது தெரிந்திருக்கும். ஆளையே அளவுகல்லாகப் பார்த்துப் பழகியவர்கள் கல்லைப் பார்க்க ஏன் போகிறார்கள்?

தை பிறந்ததும் மழை நின்றது. கதிர் பால்பிடிக்கிற நேரத்தில் கண்மாய்த் தண்ணீர் தலைமடைக்கும் நடுமடைக்கும்தான் போதுமானதாக இருந்தது. கடைமடையில் பயிர் நின்றபடியே வெளுத்தது. ராமலெட்சுமி ஒரு நாள் கரைமேல் வந்து, ஜெபமாலையின் வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். "இத்தன மழை பெஞ்சுச்சே தாயி. எங்க போச்சு அம்புட்டுத் தண்ணியும்? இனி அவுக வாலிநோக்கத்து உப்பளத்துக்குத்தான் போகணும். வேற என்ன செய்ய?" ஜெபமாலை அவளுக்குத் தண்ணீர் மோந்து கொடுத்தாள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. முப்பத்தெட்டு நாளும் விடிகாலையில் புருஷன் வீட்டுக்குள் வரும்போது தாடைக்கு மேலும் நனைந்திருந்தான். தலைமுடியில் பாசி ஒட்டியிருந்தது. அவள்தான் அதை விரலால் எடுத்துப் போட்டாள். எடுத்துப் போட்டபோதெல்லாம் அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாளே தவிர, கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

"மடையைத் திறந்தீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றான். அவனுக்குப் பொய் வராது.

ஜெபமாலை டிரங்குப் பெட்டியை எடுத்து வைத்தாள். "எனக்குப் பிள்ளை பார்த்த பொம்பள அவ. என் காது குளிர அவ வயலு காயணுமா? வாற வருசம் மடையை அடைச்சே வைங்க, கண்மாய் நெறையட்டும். நான் இருந்தா நீங்க திரும்பத் திறப்பீங்க. நான் இருக்கக் கூடாது." அவன் பஸ் நிலையம் வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தான். மூன்று மைலும் வாய் வெளியேதான் இருந்தது. ஆனாலும் அன்று அவன் பேசவில்லை.

அதற்கப்புறம் ஏழு வருடம் ஒரே மாதிரி போயிற்று. மழை தொடங்கிக் கண்மாய் மார்புக்கு வரும்போது ஜெபமாலை தங்கச்சிமடத்துக்குப் பஸ் ஏறுவாள். அங்கே சிப்பி மாலை கோத்து, ராமேசுவரத்தில் யாத்திரைக்காரர்களிடம் விற்பாள். மாசி, பங்குனியில் தண்ணீர் இறங்கி அவன் வாய் வெளியே வந்ததும் சதக் அந்தப் பக்கம் போகிற ஒரு டிரைவரிடம் சொல்லி அனுப்புவார். நான்கு நாளில் அவள் வந்து இறங்குவாள். மழை தவறிய வருடங்களில் தங்கச்சிமடத்துக்குப் போகவே மாட்டாள். பிறகு ஊரார் அவளையே பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். பஸ்ஸிலிருந்து டிரங்குப் பெட்டியும் ஜெபமாலையும் இறங்கினால் கண்மாய் வற்றுகிறது என்று பொருள். வெயில் காலம் வருகிறது, வைக்கோலைப் பத்திரப்படுத்து என்பார்கள். பாவம், அவள் வருவதைப் பார்த்து முகம் மலர்ந்தவன் அந்த ஊரில் ஒருவன்தான். அவனும், ஊர் நன்றாக இருக்க வேண்டுமானால் இவள் இங்கே இருக்கக் கூடாது என்ற நினைப்போடுதான் மலர்ந்தான். மார்கழி தை மாதங்களில் அவன் கரைமேல் தனியாக, தலைக்கு மேல் மூன்றடி நான்கடித் தண்ணீரோடு நடப்பதைத் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் உண்டு. யாரும் கிட்டப் போகவில்லை. போய் என்ன பேசுவது?

முனியசாமி உப்பளத்துக்குப் போனவன் போனவன்தான். மாதம் ஒரு முறை வருவான், பிறகு பொங்கலுக்கு மட்டும் வந்தான். 1963இல் அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனான். அடுத்த தை அமாவாசைக்கு ராமலெட்சுமி ராமேசுவரம் போய்க் கடலில் முழுகிப் பிண்டம் கரைத்துவிட்டு, ஈரச் சேலையோடு மணலில் ஏறினாள். சிப்பி மாலைக் கூடையோடு ஜெபமாலை எதிரே நின்றாள். இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்தார்கள். ஜெபமாலை ஏழு வருடமாக வைத்திருந்ததை அங்கேதான் சொன்னாள்.

"யக்கா, அந்த வருசம் ஒங்க வயலு காஞ்சது மழையால இல்ல. அவுகதான் மடையைத் திறந்துவிட்டாக. எனக்காகத்தான். நான் பேச்சுக் கேக்கணும்னு."

ராமலெட்சுமி கடலைப் பார்த்தாள். அவள் கரைத்த எள் இன்னும் அலையில் கிடந்திருக்கும். "அப்ப எம் புருசன் உப்பளத்துக்குப் போனதும் ஒம் பேச்சுக்குத்தான்" என்றாள்.

"ஆமாக்கா."

எழுந்து போயிருந்தால் யாரும் குற்றம் சொல்ல முடியாது. ராமலெட்சுமி எழவில்லை. அவளுக்கும் பல வருடமாக வீட்டில் பேச ஆளில்லை. "அப்படி என்னத்தப் பேசுனாக?" என்று கேட்டாள்.

"எல்லாம் பேசுனாக. பிள்ளையப் பத்தி மட்டும் இல்ல. நாந்தான் பேசக் கூடாதுன்னேன். சாகுற பிள்ளை தலையில தண்ணிய ஊத்தி ஒரு வார்த்த சொல்லாத மனுசன்கிட்ட அதப் பத்தி என்னத்தக் கேக்க?"

"தண்ணி ஊத்துனாகளே" என்றாள் ராமலெட்சுமி. "நீ மயங்கிக் கெடந்த. செம்புல மோந்து பிள்ளை தலையில ஊத்துனாக. மூணு தரம். ஒவ்வொரு தரமும் வாய் அசைஞ்சுச்சு, முட்டை முட்டையா வந்துச்சு. பிள்ளையக் கழுவுறாகன்னுல்ல நான் நினைச்சேன்."

ஜெபமாலையின் கையிலிருந்த மாலை மணலில் விழுந்தது. "மூணு தரமா?"

"மூணு தரந்தான். நல்லாத் தெரியும். ஏன், சத்தம் இல்லாமச் சொன்னா ஒங்க சாமிக்குக் கேக்காதா?"

ஜெபமாலை ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டாள். மூன்று தரம் ஊற்றினான் என்றால் முறைப்படி ஊற்றியிருக்கிறான். முறைப்படி ஊற்றினான் என்றால் வார்த்தையையும் சொல்லியிருக்கிறான். வார்த்தையைச் சொன்னான் என்றால் அதற்கு முன்னால் ஒரு பெயர் சொல்லியிருக்க வேண்டும். எட்டு வருடமாகத் தன் பிள்ளைக்கு ஒரு பெயர் இருக்கிறது. அது ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும், அவன் வாயைப் பொத்தியது இவள். அவள் கூடையை அப்படியே மணலில் விட்டுவிட்டு பஸ் நிலையத்துக்கு நடந்தாள். கூடையை ராமலெட்சுமிதான் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

மறுநாள் மத்தியானம் ஆர்.எஸ்.மங்கலத்தில் பஸ்ஸிலிருந்து ஜெபமாலை இறங்கியதும் கடைத்தெரு கலங்கிப்போனது. தை மாதம் கதிர் பால்பிடிக்கிற நேரம். லஸ்கர் மனைவி வந்துவிட்டாள் என்றால் கண்மாய் வற்றிவிட்டது என்றுதானே பொருள்? கரை உடைந்துவிட்டது என்று ஒருவன் கத்தினான். மண்வெட்டியும் சாக்குமாக நாற்பது ஐம்பது பேர் கண்மாய்க்கு ஓடினார்கள். பல வருடத்துக்குப் பிறகு அந்தப் பாதைப் புல் மிதிபட்டது. போய்ப் பார்த்தால் கண்மாய் கடல்போல் கிடந்தது. அளவுகல்லில் ஒன்பதடி இரண்டு அங்குலம். அவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு கரைமேல் நின்றபோது ஜெபமாலையும் ராமலெட்சுமியும் நடந்து வந்து சேர்ந்தார்கள்.

சிலுவைமுத்து வீட்டு வாசலில் நின்றான். இந்த மாதத்தில் அவள் வருவாள் என்று அவன் நினைத்திருக்கவில்லை. கையை நீட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். ஜெபமாலை நேரே போய் அவன் இரண்டு கையையும் பிடித்தாள். முன்பெல்லாம் அவனைத் தொட்ட கை நனைந்ததில்லை. முன்பெல்லாம் அவள் அவனை வெளியே இழுக்கத்தான் பார்த்தாள், உள்ளே போகப் பார்த்ததில்லை. அதுதான் காரணமா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. நடந்தது இதுதான். ஐம்பது பேர் பார்த்திருக்க, அவள் சேலை கீழிருந்து மேலாக நனைந்தது. இடுப்பு, மார்பு, கழுத்து நனைந்தது. பிறகு கொண்டை அவிழ்ந்து முடி மேல்நோக்கி மிதந்தது. அவள் வாய் அசைந்தது. அவன் வாய் அசைந்தது. குமிழிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு மேலே போயின. கொஞ்ச நேரத்தில் அவள் அழுவது தெரிந்தது. தண்ணீருக்குள் கண்ணீர் எப்படித் தெரியும் என்று கேட்டால், தோள் குலுங்கியது. சதக் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வந்த வேலை முடிந்தது, போவோம் என்றார். எல்லாரும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார்கள். கடைமடையில் அந்த வருடம் நல்ல விளைச்சல்.

பிப்ரவரிக் கடைசியில் சரிபார்க்க ராமநாதபுரம் போனபோது ஓவர்சியர் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அளந்தார். டேப் இரண்டு பேருக்கும் ஒரே அளவு காட்டியது. ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

மாசி கடைசியில் தண்ணீர் ஐந்தடி ஆறு அங்குலத்துக்குக் கீழே இறங்கி, சிலுவைமுத்துவின் வாய் வெளியே வந்தது. ஜெபமாலை கட்டை. அவள் உதடு நாலடி ஆறு அங்குலத்தில் இருந்தது; அவள் வாய் வெளிவர இன்னும் இருபது நாளுக்கு மேல் ஆகும். ராமலெட்சுமி அறுவடை முடிந்து ஒரு மரக்கால் புது நெல் எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தாள். சிலுவைமுத்து எழுந்து நின்றான். தாடையிலிருந்து கீழே நனைந்திருந்தான். ஏழு வருடத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை அப்போது தொடங்கினான்.

"தங்கச்சி, ஒங்க வயலு விசயத்துல நான்..."

"அது கெடக்கட்டும்ணே" என்றாள் ராமலெட்சுமி. நெல்லை முறத்தில் கொட்டினாள், கையைத் துடைத்தாள். பிறகு கேட்டாள்: "பிள்ளைக்கு என்ன பேரு வச்சீக?"

"யாகப்பம்மாள்" என்றான் சிலுவைமுத்து. "மொத மொத அவதான் கேக்கணும்னு வச்சிருந்தேன். கேட்டுட்டா. இனி யார்கிட்ட வேணும்னாலும் சொல்லலாம்."

ஊரார் பலரும் அன்று அவனுக்காகக் காத்திருந்தார்கள். மூன்று மாதமாக லஸ்கர் பேச்சைக் கேட்காத சதக், வெற்றிலை பாக்கெல்லாம் எடுத்து வைத்திருந்தார். சிலுவைமுத்து போகவில்லை. வாசலில் ஜெபமாலை உட்கார்ந்திருந்தாள். அவள் முடி தலைக்கு மேல் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அவன் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான், தண்ணீர் அவன் தலைக்கு மேல் மூடிக்கொண்டது. ராமலெட்சுமி வெறும் மரக்காலை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.